இருபது டின் பெலிம்பிங்

கெட்டிப் பால் டின்னில் அரிசி அளந்து உலை வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளின் வாசலில் என்னோடு ஓடிப் பிடித்து விளையாடிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் அறுபது ஆகிவிட்டது. முட்டி வலிக்கும் சர்க்கரைக்கும் நடுவில் பழைய கதை கேட்க நேரம் இருக்கும் என்று நம்புகிறேன். உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருக்கிறது, அது கடைசியில் வரும்.

போன மாதம் புஞ்சாக் ஆலாமில் மகள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் வீட்டுப் பின்னால் ஒரு பெலிம்பிங் மரம் இருக்கிறது. நட்சத்திரம் மாதிரி வெட்டுவார்களே, அந்தப் பெரிய பழம் இல்லை. விரல் நீளத்தில், மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாய்த் தொங்கும் புளிப்புப் பெலிம்பிங். அதில் ஊறுகாய் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். எல்லாரும் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எல்லாவற்றையும் கிராமில் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்ததோ டின் கணக்கு. ஐந்து டின் காய்க்கு ஒரு டின் கல்லுப்பு. அது என் அத்தையின் கணக்கு.

டின்னும் அத்தையுடையதுதான். இப்போது வருகிற பால் டின் பெரியது, அது ஒத்துவராது. அத்தை இறந்த பிறகு அவள் அரிசி வாளிக்குள் கிடந்த அந்தப் பழைய டின்னை நான் எடுத்து வந்திருந்தேன். விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். அடியில் ஒரு துளி துரு கிடையாது.

"ஒரு டின்னு நானூறு கிராமுன்னு போட்டுக்க" என்றேன், யோசிக்காமல்.

மகள் என்னை நம்புகிற ஜாதி இல்லை. வட்டம் வட்டமாய் நறுக்கிய காயை டின்னில் தலைதட்டி அளந்து, தராசில் வைத்தாள். கண்ணாடித் தட்டு போன்ற சின்ன மின் தராசு. அது காட்டியது நூற்று எழுபத்தெட்டு.

"ஸ்கேல் கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"இல்லம்மா, ஸ்கேல் சரிதான் லா. டின்ன வெச்சு ஸீரோ பண்ணிட்டுத்தான் காயப் போட்டேன்." காயைக் கொட்டிவிட்டு, அதே டின்னில் தண்ணீர் பிடித்து வைத்தாள். முந்நூற்று நாலு. "தண்ணியே நானூறு வரல. காய் எப்படிம்மா வரும்? நடுவுல எவ்ளோ கேப் இருக்கு பாருங்க. நீங்க மேத்ஸ் டீச்சர்தானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நானூறு என்பது எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கட்டி என்ற பழைய நிறுவை போய்க் கிலோ வந்த வருஷம் அது. உங்களுக்கு நினைவிருக்கும். சீனன் கடையில் அதுவரை தொங்கிய டாச்சிங், அந்தக் கோல் தராசு, ஒருநாள் காணாமல் போனது. அதன் இடத்தில் கடிகாரம் போல் முகம் வைத்த தராசு வந்து உட்கார்ந்தது. நம் ஆட்கள் "ரெண்டு கட்டி வெங்காயம்" என்று கேட்டுவிட்டு, முள் போய் நிற்கிற இடத்தைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வாத்தியார் புதிய அளவைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வருஷம் மட்டும் பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிந்திருந்தது. அதன் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். விடியுமுன் அப்பாவும் அம்மாவும் அவளும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். அவளுக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது. நிறம் கறுப்பு, முன்பல் கொஞ்சம் எடுப்பு என்று சொல்லி வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போயிருந்தார்கள். ஆனால் அவள் கை பட்ட ஊறுகாய்க்கு மட்டும் மூன்று லயத்திலிருந்தும் கிண்ணம் வரும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்தக் கையில் ரப்பர் பால் வாடை இருக்கும். அதற்கு மேல் வெந்தயமும் கடுகும் வறுத்த வாசம். எனக்கு அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அத்தை.

அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பந்தி நடந்தபோது, ரவாங்கிலிருந்து வந்திருந்த ஒருவர் இலையில் வைத்த பெலிம்பிங் ஊறுகாயை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரவாங்கில் சின்னதாய்ச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர். "இது யாரு போட்டது?" என்று கேட்டார். அடுத்த மாதம் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டார்.

அந்த அம்மா வீட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பெரிதாய் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயத்து விருந்து பெண் வீட்டில் என்று பேச்சானது. போகும்போது அப்பாவிடம் சொன்னார், "என் மவன் அந்த ஊறுகாயையே பேசிக்கிட்டு இருக்கான். நிச்சயத்தன்னிக்கு எலையில அது இருக்கணும். எங்க ஜனங்களும் சாப்பிட்டுப் பாக்கட்டும். எங்க வூட்டுக்கும் ஒரு ஜாடி குடுத்துருங்க."

அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்த நாள் அது. வாயைக் கையால் மூடாமல் சிரித்தாள்.

"இருவது டின்னு காயி வேணும் அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னாள். எங்கள் மரத்தில் அப்போது இரண்டு டின்கூடத் தேறாது, மழையில் பூவெல்லாம் உதிர்ந்திருந்தது. வெளியில்தான் வாங்க வேண்டும். புக்கிட் பெலிம்பிங் என்ற மலாய்க் கிராமத்திலிருந்து ஒருவர் டவுன் பாசாரில் காய் கொண்டுவந்து விற்பார், அவரும் இப்போது கிலோவில்தான் நிறுக்கிறார். இருபது டின் என்றால் எத்தனை கிலோ? அப்பா தலையைச் சொறிந்தார்.

நான் போய் டின்னை எடுத்து வந்தேன். ஒரு புது டின், மேலே சுற்றிய காகிதம் கிழியாமல் இருந்தது. அதில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். நிகர எடை 397 கிராம். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பெருக்கினேன். இருபது முந்நூற்றுத் தொண்ணூற்றேழு, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. எட்டுக் கிலோ.

அது கெட்டிப் பாலின் எடை. காயின் எடை இல்லை. பால் அடைத்துக்கொண்டு நிற்கும். நறுக்கிய காய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுவில் சந்து விட்டுக் கிடக்கும். பின்னாளில் முப்பது வருஷம் கொள்ளளவு வேறு, எடை வேறு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். பதினோரு வயதில் டின்மேல் அச்சடித்திருந்தது எனக்கு வேதம்.

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோரிடம் காட்டினார், கடைக்காரரிடம் காட்டினார். "எம்மவ போட்ட கணக்கு. கணக்கெழுதுற கிராணிகூட இவ்ளோ சீக்கிரம் போட மாட்டாரு." அவர் அப்படிப் பேசிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

பாசாரில் அந்த மலாய்க்காரர், "எட்டு கிலோவா? பாஞாக்லா!" என்றார். ரொம்ப அதிகமாச்சே என்று அர்த்தம். அவர் கொண்டுவந்த கூடை காலியாகி, பக்கத்துக் கடைக் கூடையிலிருந்தும் எடுத்துத்தான் எட்டுக் கிலோ வந்தது. அப்பா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பீரமாய் நடந்தார்.

நறுக்குவதற்கு லயத்துப் பெண்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். உங்களில் சிலருடைய அம்மாக்களும் அதில் உண்டு. நறுக்கிய காய் இரண்டு எனாமல் பேசின் நிரம்பி, துணி துவைக்கும் வாளிக்கும் போனது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தாள்.

"இது இருவது டின்னா? கூட இருக்காப்ல தெரியுதே" என்றாள். டின்னை எடுத்து அளக்கக் குனிந்தாள்.

"ஏற்கெனவே நிறுத்து வந்தத மறுபடி என்னா அளக்குற?" என்றார் அப்பா. "புள்ள கணக்குப் போட்டுக் குடுத்துருக்கு. ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

நானும் விடவில்லை. தாளை விரித்து அத்தை முகத்துக்கு நேராய்க் காட்டினேன். "இங்க பாரு அத்த, டின்னுலயே போட்டுருக்கு."

அத்தை தாளைப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் கிறுக்கல். பிறகு காயைப் பார்த்தாள். டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இருபது டின்னுக்கு எத்தனை உப்போ அத்தனை உப்பு, நாலு டின், போட்டுக் குலுக்கினாள். நாற்பது டின்னுக்கு மேல் இருந்த காய்க்கு.

உப்பு பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் நல்ல காரியத்துப் பண்டம், சாமி படத்துக்கு வைக்கும் முன் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மழைக்கால வெயிலில் மூன்று நாள் காய்ந்தும் காய் ஈரமாகவே இருந்தது. மூன்று ஜாடி போதும் என்று எண்ணியிருந்தோம், ஐந்து வேண்டியிருந்தது. இரண்டு ஜாடி இரவல் வாங்கினோம். அத்தை மிளகாய்த்தூளும் வெந்தயமும் போட்டு, நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். கட்டிவிட்டு ஒவ்வொரு ஜாடியையும் தொட்டுக் கும்பிட்டாள்.

பத்து நாள் கழித்து நிச்சயம். வாசலில் பந்தல், ரவாங்கிலிருந்து ஒரு லோரி நிறைய ஜனம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சாமி படத்தருகே வைக்க அம்மா முதல் ஜாடியைத் திறந்தாள். துணியை அவிழ்க்கும்போதே கள்ளு வாடை அடித்தது. மேலே நுரை, நுரைக்கு மேல் பஞ்சு வைத்தது போல் பூசணம். இரண்டாவது ஜாடியும் அப்படி. ஐந்தும் அப்படி.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையும் வந்தார். அவர் செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. கரண்டியால் பூசணத்தை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு மென்றார். "உப்பு பத்தலம்மா. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"நீ சும்மா இருடா" என்றார் அவர் அம்மா. "அஞ்சு ஜாடியும் பூத்துப்போயிருக்கு, உப்பாம் உப்பு." பிறகு என் அம்மா பக்கம் திரும்பி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். "வூட்டுக்குத் தூரமா இருந்தப்ப தொட்டாளா?"

அத்தை புதுச்சேலையில் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. என் அம்மாவைத்தான் பார்த்தாள். இல்லை என்று அம்மா சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, "ஏ புள்ள, அன்னிக்கு நாளு ஏதும் தள்ளி வந்துச்சா?" என்று அத்தையையே கேட்டாள்.

அத்தை உள்ளே போய்விட்டாள். லோரி திரும்பிப் போனது. மாப்பிள்ளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், ஏறிக்கொண்டார். அவரை நான் நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன். உண்மையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர், தன் அம்மா அதட்டியதும் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்து ஜாடியையும் அப்பா கால்வாய் ஓரத்தில் குழி தோண்டிக் கொட்டினார். காலண்டர் தாள் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கணக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் அதைப் பற்றி நானும் நினைக்கவில்லை. அடுத்த வருஷம் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். அப்பா என்னை டவுனில் இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பினார். நம் லயத்திலிருந்து அந்த வருஷம் போன பெண் பிள்ளை நான் ஒருத்திதான்.

அத்தைக்கு அப்புறம் யாரும் வரவில்லை. தீட்டுக் கை என்ற பேச்சு தோட்டம் தோட்டமாய்ப் போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது உதிரிப் பழம் பொறுக்கினாள். தோட்டத்தை விற்றபோது அப்பா அம்மாவோடு புக்கிட் பெலிம்பிங்கில் சின்ன வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வாசலில் பெலிம்பிங் மரம் இருந்தது. காய் பழுத்து விழுந்து அழுகும், அவள் கூட்டி அள்ளிக் கொட்டுவாள். ஊறுகாய் போடுவது எப்படி என்று எனக்கு வாயால் சொன்னாள், டின் கணக்கையும் அப்போதுதான் சொன்னாள். கை மட்டும் வைக்கவே இல்லை. என் கல்யாணத்தில் பந்திக்கு ஊறுகாய் போடச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "என் கை வேணாம் கண்ணு. ஒனக்கு நல்லது நடக்கட்டும்" என்றாள்.

ஒருதடவை, அவளுக்கு அறுபது வயது இருக்கும், திடீரென்று என்னைக் கேட்டாள். "அந்த ஊறுகா போட்டமே, அன்னிக்கு என்னா தேதி? நீ படிச்ச புள்ள, ஒனக்கு ஞாபகம் இருக்குமே." எதற்கு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சுத்தமாய் இருந்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது இப்போது புரிகிறது. அப்போது பேச்சை மாற்றிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள்.

மகளின் தராசில் நூற்று எழுபத்தெட்டைப் பார்த்த அன்று, அந்த இருபது டின் கணக்கைப் புது எடையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அம்மாவுக்கு எண்பத்தெட்டு. இப்போது என்னோடு மகள் வீட்டில்தான் இருக்கிறாள். நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த நிச்சயத்து ஊறுகா தீட்டால கெடல. காய் ரெண்டு மடங்கு இருந்திருக்கு. நான்தான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன்."

அம்மா டிவியை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ அந்த வாரம் சுத்தமாத்தான் இருந்தா" என்றாள். "ஒரே வூட்டுல, ஒரே கொடியில துணி காயப்போட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏம்மா அவுங்க முன்னால அப்படிக் கேட்ட?"

"இல்லேன்னு சொல்லிருந்தா, பின்ன எதனாலன்னு கேப்பாங்க. அந்தப் பையன் உப்புன்னு சொல்லிட்டான். காயி கூடன்னு அவ நறுக்குறப்பவே சொன்னா. அடுத்து ஒங்கப்பா சட்டையில இருந்து அந்தத் தாள எடுப்பாங்க. ஊரு பூரா காட்டுன தாளு. அத்தன பேரு முன்னால அவுரு தலை குனிஞ்சா, ஒன்னிய மறுநாளே பள்ளியோடத்துல இருந்து நிறுத்திருப்பாரு. பால்வெட்டுக் கத்தியக் கையில குடுத்துருப்பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒருத்திதான் தப்பிக்க முடியும்னு இருந்துச்சு. நீ என் வயித்துல பொறந்தவ."

"அத்தைக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. சாகுறப்பகூடச் சொல்லல." அம்மா டின்னின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை. நான் படித்த படிப்பு, வாங்கிய சம்பளம், வளர்த்த பிள்ளை எல்லாமே அந்த வாசலில் அம்மா தலை குனிந்ததில் இருந்து வந்தது. அத்தை அதற்கு விலையானாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மகள் இப்போது சரியாக எழுதிவிட்டாள். நறுக்கிய பெலிம்பிங் ஒரு டின், நூற்று எழுபத்தெட்டு கிராம். இருபது டின் என்றால் மூன்றரைக் கிலோவும் கொஞ்சமும். அந்த அளவில் போட்ட ஊறுகாய் ஒரு மாதமாய் மேஜைமேல் இருக்கிறது, கெடவில்லை. அத்தையின் கணக்கு ஒரு கடுகளவும் தப்பவில்லை.

உங்களுக்கு ஏன் இதை எழுதினேன் என்று சொல்கிறேன். அன்று பந்தலில் நீங்களும் இருந்தீர்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம் எல்லாரும். வீட்டுக்குப் போய்ச் சொன்னோம், பள்ளியில் சொன்னோம், கட்டிக்கொண்டு போன ஊரிலும் சொன்னோம். அந்தத் தீட்டுக் கை கதைக்கு நானும் சிரித்திருக்கிறேன். அதை எங்கெங்கே சொன்னீர்களோ அங்கெல்லாம் இதையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவள் இப்போது உயிரோடு இல்லை. ஆள் இல்லாவிட்டாலும் அவள் பேர் இன்னும் உங்கள் வாயில் இருக்கிறது. அத்தையின் கையில் ஒரு குறையும் இல்லை. உப்புதான் பத்தவில்லை.